ஏட்டையாவின் ஜெப நோட்டு

பண்டிகை என்பது போலீஸ்காரர் வீட்டில் அப்பா இல்லாத நாள். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதுவானாலும் ஊர் கூடுகிற இடத்தில் காக்கிச்சட்டை நிற்க வேண்டும். அந்தக் காக்கிச்சட்டையின் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். என் பெரியப்பா 1976இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2011இல் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளராக, ஓய்வு பெற்றார். தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகும் ஊருக்கு அவர் ‘ஏட்டையா’தான். அவரும் அதை மாற்றச் சொன்னதில்லை.

மெஞ்ஞானபுரம் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. தாத்தா பனையேறினார். பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டிய மெஞ்ஞானபுரம் தேவாலயத்தின் கோபுரம் பனைகளுக்கு மேலே தூரத்திலிருந்தே தெரியும். “அதப் பாத்துக்கிட்டே நடந்தா வழி தப்பாதுல” என்பார் பெரியப்பா. பதநீர்ப் பானையோடு காட்டுக்குள் அலைந்த சிறுவயதைப் பற்றித்தான் சொன்னார். வேறு அர்த்தம் வைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவர் சேர்ந்தபோது இந்தக் கடற்கரை முழுவதும் திருநெல்வேலி மாவட்டம். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. திருவிழாக்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயில், ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடி பனிமய மாதா கோயில், அதற்குப் பிறகு குலசேகரன்பட்டினம் தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். ஞானஸ்நானம் வாங்கிய பெரியப்பாவின் வருடக் காலண்டர் இப்படித்தான் ஓடியது. சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரை மணலில் லட்சக்கணக்கில் கூட்டம் நிற்கும். யாருக்கும் லீவு கிடையாது. அவருடைய செட்டில் இருந்த இன்னொரு ஏட்டு ஆறு நாளும் சஷ்டி விரதம் இருப்பவர். ஆறாம் நாள் அலைப் பக்கம் நெருக்கித் தள்ளுகிற இடத்தைப் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொள்வார். விரதக்காரரை மண்டப நிழலில் நிறுத்திவிடுவார்.

“அவரு பச்சத்தண்ணி குடிக்காம நிக்காரு. நான் பிரியாணி தின்னுட்டு நிக்கேன். நான்தான அல பக்கம் போணும்?”

அந்த ஏட்டு டிசம்பரில் இந்தக் கடனைத் தீர்ப்பார். முடிந்த வருடங்களில் கிறிஸ்துமஸ் காலை டூட்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார். முடியாத வருடங்களில் பெரியப்பாவுக்கு ஏதாவது ஒரு தேவாலயத்தின் கேட்டில் பந்தோபஸ்து விழும். உள்ளே பாட்டு நடக்கும், இவர் வெளியே வண்டிகளை ஒழுங்குபடுத்துவார். வீட்டுக்கு வந்து, “ஆராதனை ஆச்சு, வெளிய நின்னு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்.

குலசை தசரா கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு பக்தர்கள் வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துக் கோயிலுக்கு வருவார்கள். காளி, ராஜா, குறவன், குறத்தி, கரடி என்று எல்லாம் இருக்கும். போலீஸ் வேஷமும் உண்டு. ஒரு விஜயதசமி இரவு, மூன்று நட்சத்திரமும் முறுக்கு மீசையுமாக இன்ஸ்பெக்டர் வேஷத்தில் ஒருவர் நின்றிருக்கிறார். ஒரு கிழவி நேராக அவரிடம் போய், பேரனைக் காணோம் என்று கையைப் பிடித்து அழுதிருக்கிறாள். வேஷக்காரருக்குக் கைகால் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற பெரியப்பா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, “ஐயா, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிக் கிழவியை அழைத்துப் போனார். பையன் ராட்டினத்தின் அடியில் கிடைத்தான்.

“எதுக்கு பெரியப்பா சல்யூட்?” என்று கேட்டேன்.

“அவன் அம்மனுக்கு நேந்து அந்த உடுப்பப் போட்டிருக்கான். நான் சம்பளத்துக்குப் போட்டிருக்கேன். எது பெருசு?”

பாளையங்கோட்டையில் படித்த வருடங்களில் நான் பெரியப்பா வீட்டில்தான் தங்கியிருந்தேன். போலீஸ் லைன் வீடு. ஒரு அறை, ஒரு கூடம், அடுக்களை. தண்ணீருக்குப் பொதுக்குழாய். பெரியம்மா டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவர்களுக்கு ஒரு மகள், இரண்டு மகன்கள். இரவு பெரியப்பா எத்தனை மணிக்கு வந்தாலும் குடும்ப ஜெபம் உண்டு. பதினோரு மணிக்கு எழுப்புவார். கண்ணைத் திறக்காமலே வரிசையில் உட்காருவோம். ரோல்கால் மாதிரி பெயர் வாசிக்காத குறைதான். வாசிப்பது பெரும்பாலும் 127ஆம் சங்கீதம். ஊரைக் காக்கிறவனின் விழிப்பையும் வீட்டில் பிறக்கிற பிள்ளைகளையும் ஐந்தே வசனத்தில் சேர்த்துப் பேசுகிற சங்கீதம் அது. போலீஸ்காரனுக்கென்றே எழுதியது என்பது அவர் முடிவு. நைட் ரவுண்ட்ஸ் போய், ரோந்து வந்ததற்குச் சாட்சியான பட்டா புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு விடியற்காலையில் வருகிற மனிதருக்கு, காவல்காரனின் விழிப்பு மட்டும் ஊரைக் காத்துவிடாது என்று சொல்லும் வார்த்தை பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் அவர் இனியவர் என்று சொல்ல மாட்டேன். கண்டிப்பு அதிகம். செருப்பு வரிசை தப்பினால் சத்தம் வரும். மகன்களுக்கு அவரிடம் பேசப் பயம், அக்காவுக்குக் கோபம். பேச்சுப்போட்டி, ஆண்டு விழா, பரிசளிப்பு எதற்கும் அப்பா வந்ததில்லை. “எங்கப்பாவ நான் சாவகாசமாப் பாத்ததே மாதா கோயில் திருவிழாவுலதான். நாங்க கயித்துக்கு இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம்” என்று அக்கா பல வருடம் கழித்து, பேரன் பேத்திகள் கூடியிருந்த ஒரு நாளில், அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட விழா ஒன்றையும் அவர் விட்டதில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, நாற்காலி போடுகிறவர்களுக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவார்.

2004 கிறிஸ்துமஸுக்கு அதிசயமாக லீவு கிடைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் இருந்தபோதே கடல் புகுந்த செய்தி வந்தது. அன்றே கிளம்பிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனார். குளச்சல், கொட்டில்பாடு பகுதிகளில் கரைக்கு வந்த உடல்களின் அடையாளங்களை எழுதுவது அவருக்குக் கொடுத்த வேலை. வயது சுமார் இவ்வளவு, உயரம் இவ்வளவு, உடை இன்ன நிறம். அந்த உடைகளைப் பற்றி மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார். முந்தின நாள் உடுத்திய கிறிஸ்துமஸ் புதுத்துணி. பல பிள்ளைகள் அதைக் கழற்றவே இல்லை. “கலர் எழுதணும்ல தம்பி. எழுதுனேன்” என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின் ஊருக்கே திரும்பிவிட்டார். முதல் பெரிய வெள்ளிக்கிழமை, பகல் 12 முதல் 3 வரை மும்மணி தியானத்துக்கு வந்தவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். கோயில்பிள்ளை நாற்காலி கொண்டுவந்து வைத்தார். “வேண்டாம்யா. உக்காந்தா தூக்கம் வருது. நின்னாத்தான் ஜெபம் வருது.” அசனப் பண்டிகைக்கு அவர்தான் பந்தோபஸ்து. கம்பு நட்டுக் கயிறு கட்டுவார். பெண்களுக்குத் தனி வரிசை, குழந்தையோடு வருகிறவர்களுக்கு இன்னொன்று. முதல் சட்டிச் சோறும் கறியும் பந்திக்குப் போகாது. நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறவர்களுக்குப் போகும். இரண்டாவதாகப் போவது வாசலில் நிற்கிற போலீஸ்காரர்களுக்கு. சபை மன்றத்தில் யாரோ இதைக் குறை சொன்னபோது, “நான் முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவன் சாப்பிடுறதப் பாத்துக்கிட்டு நின்னவன்” என்று மட்டும் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

காலையில் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். வேலித் தகராறு, கைமாற்றுக் கடன், மருமகன் அடிக்கிறான் என்று யாராவது வந்துகொண்டேயிருப்பார்கள். காசு வாங்க மாட்டார். மனுவைக் கொடுத்தால், அதை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனைவிட்டு வராதே என்பார். பிடித்து விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, அந்த வழக்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவார். கைது செய்தால் நேரம் எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்கிற டி.கே. பாசு வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவருக்கு மனப்பாடம். எங்கள் ஊர்க் கிழவிகள்கூட ஸ்டேஷனில் போய், “டைம் எழுதுனியளா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கு ஏட்டையா மேல் எரிச்சல் இருந்தது. அவருக்கும் தெரியும்.

2014இல் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மகள் கூப்பிட்டாள், மகன்கள் ஆள் வைக்கிறோம் என்றார்கள். பெரியப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. சமையல் கற்றுக்கொண்டார். குழம்பில் உப்பு நிற்காது, ஆனால் நேரம் தப்பாது. பெரியம்மாவுக்கு நீளமான முடி. வெட்டிவிடலாம் என்று டாக்டர் வீட்டம்மா சொன்னதற்கு, “அவளுக்குப் பிடிக்காது” என்றுவிட்டார். தினமும் காலையில் முற்றத்து நாற்காலியில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, இரண்டாக வகிர்ந்து பின்னுவார். லத்தி பிடித்த தடித்த விரல்கள். ஆரம்பத்தில் பின்னல் ஒருபக்கமாகக் கோணும். பெரியம்மா வாய் கோணியபடியே சிரிப்பாள். இரண்டு மாதத்தில் வகிடு, ஆயுதப்படை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல நேராக வந்துவிட்டது. யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்ட கை, அவளுடைய காட்டன் சேலைகளுக்குக் கஞ்சி போட்டது. டீச்சர் கசங்கின சேலையோடு இருக்கக் கூடாதாம். நாலு வருடம் இப்படிப் பார்த்து அனுப்பிவைத்தார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. முடிந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். ஸ்டேஷனில் எழுதுகிற பொது நாட்குறிப்பான ஜி.டி. போலவே தேதி, நேரம், விவரம், நடவடிக்கை என்று கோடு போட்டிருப்பார். உள்ளே இருப்பது முழுவதும் ஜெபக் குறிப்பு. தமிழ் மட்டும் ஸ்டேஷன் தமிழ்.

“05.10 மணி. மகள் வீட்டுப் பேத்திக்குக் காய்ச்சல் எனத் தகவல். ஜெபிக்கப்பட்டது.” இரண்டு நாள் கழித்து, “மேற்படி பேத்திக்குக் காய்ச்சல் நீங்கியது. ஸ்தோத்திரம். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது.” என் பெயரும் இருந்தது. “மேற்படி நபர் இன்றுவரை வேலை கிடைக்காமல் சுற்றித் திரிகிறார். விசாரணையில் உள்ளது.” ஆண்டவரிடமே விசாரணையை ஒப்படைத்திருக்கிறார் என்று வீட்டில் சிரித்திருக்கிறோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரே ஒரு குறிப்பு மட்டும் எங்களுக்குப் புரியவில்லை. எல்லா நோட்டிலும், ஒவ்வொரு நாளும் முதல் வரியாக, ‘பாராவில் தண்ணீர் கேட்ட பையன்’ என்று இருக்கும். நடவடிக்கைக் கட்டம் காலியாகவே இருக்கும்.

2020 ஜூனில் அது என்னவென்று தெரிந்தது. ஊரடங்கு, கோயில்கள் பூட்டிக் கிடந்தன. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் 19ஆம் தேதி போலீஸ் பிடித்துப்போனது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த இருவரும் 22ஆம் தேதி இரவும் மறுநாள் காலையுமாக அடுத்தடுத்து இறந்தார்கள். எங்களுக்கு அது செய்தித்தாள் ஊர் அல்ல, சந்தைக்குப் போகிற ஊர். பெரியப்பா டிவியை அணைக்கவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வாலிபர் சங்கத்துப் பையன்கள் சிலர் திண்ணைக்கு வந்தார்கள். ஒருவன் கேட்டேவிட்டான்: “ஏட்டையா, நீங்களும் அந்த டிபார்ட்மெண்ட்தான?”

“ஆமா. நானும் அந்த டிபார்ட்மெண்ட்தான்.”

பிறகு அவராகவே சொன்னார். எண்பதுகளில், ஸ்டேஷன் பெயரைச் சொல்லாமல். மோட்டார் பம்ப் திருட்டு என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. இரண்டு இரவு வைத்திருந்தார்கள். உள்ளே அடி விழுந்தது. பெரியப்பா வாசலில் பாரா, அதாவது காவல். நடுச்சாமத்தில் பையன் தண்ணீர் கேட்டான். கொடுத்தார். “அண்ணே, அம்மாட்ட சொல்லுங்கண்ணே” என்றான். சொல்லவில்லை. மூன்றாம் நாள் நிஜத் திருடன் வேறு ஊரில் அகப்பட்டான். பையனை நொண்டியபடியே அனுப்பிவைத்தார்கள். வடக்கே எங்கோ போய்விட்டான் என்று பிறகு கேள்வி.

“ஜி.டி.ல அவன் வந்ததும் இல்ல, போனதும் இல்ல. அப்படி ஒருத்தன் அங்க இருக்கவே இல்ல. நான் தண்ணி குடுத்தேன்னு மனசத் தேத்திக்கிட முடியுமால?”

அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதுகிற ரைட்டர் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். உள்ளே காலடி வைத்த ஆளின் பெயரையும் நேரத்தையும் உள்ளபடி எழுதுவார். ‘பிறகு எழுதலாம்’ என்கிற அதிகாரிகளுக்கு இது பிடிக்காது. இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாற்றல் வந்து எங்கள் பெரியம்மா ஏன் மூட்டை கட்டினாள் என்பது எனக்கு அந்தத் திண்ணையில்தான் விளங்கியது. அவர் யாரையும் எதிர்த்துச் சத்தம் போட்டவரில்லை. எழுதினார், அவ்வளவுதான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிற சட்டம், அந்த நேரத்தை யாராவது உண்மையாக எழுதினால்தான் உயிரோடு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

சில நாளில் சாத்தான்குளம் ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னார் என்ற செய்தி வந்தது. அன்றைய நோட்டில் பெரியப்பா எழுதியது: “மேற்படி பெண் காவலருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. தினமும் ஜெபிக்க வேண்டியது.” என்னிடம் வாயால் சொன்னது வேறு: “நான் அன்னைக்குச் செய்யாதத அந்தப் புள்ள செஞ்சிருச்சி.”

2022இல் பெரியப்பா இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம். பழைய செட்டுக்காரர்கள் பலர் வந்தார்கள். சஷ்டி விரத ஏட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு, பெட்டியைத் தூக்க ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மனு எழுதி வாங்கிப்போன கிழவிகள் அழுத அழுகை உறவுக்காரர்களைவிட அதிகம். பக்தி, உத்தியோகம், குடும்பம் என்று மனிதர்கள் வாழ்க்கையை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றில் செய்த தவறு இன்னொன்றில் கணக்கு வராது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பெரியப்பா மூன்றுக்கும் ஒரே நோட்டுத்தான் வைத்திருந்தார். பேத்தியின் காய்ச்சலும், லாக்கப்பில் தண்ணீர் கேட்ட பையனும் அதில் அடுத்தடுத்த வரிகள். அவரை நல்ல போலீஸ்காரர் என்று நான் சொல்வதற்கு அது ஒன்றே போதும்.

காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021இல் தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். அவர் காலத்தில் அது இல்லை. இன்றும் சூரசம்ஹாரம், தசரா என்றால் கயிறு பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது. திருவிழாவுக்குப் போனால், உங்கள் பக்கத்தில் நிற்கும் காவலரிடம் சாப்பிட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதே காவலர் ஸ்டேஷனில் உங்கள் வீட்டுப் பையனைக் கொண்டுவந்த நேரத்தை எழுத மறுத்தால், எழுதும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். ஏட்டையா இருந்திருந்தால் இரண்டையும் சொல்லித்தான் உங்களை அனுப்பியிருப்பார்.